உங்கள் பெயரில் வேறொருவர்: அறிகுறியைப் பார்த்து எதை முதலில் செய்வது

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அநேகமான வீடுகளில் ஒரே ஒரு போன் இலக்கம்தான் எல்லாவற்றுக்கும் சாவி. வங்கி ஆப், கட்டாரில் இருக்கும் மகனின் வட்ஸ்அப் அழைப்பு, அஸ்வெசும (அரசு உதவிப்பணம்) எஸ்.எம்.எஸ்., பிள்ளையின் வகுப்பு குரூப் எல்லாம் அந்த ஒரு சிம்மிலேயே தொங்கிக்கொண்டிருக்கின்றன. திருடுகிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். பூட்டு உடைக்காமல், வீட்டுக்கு வராமல், உங்கள் பெயரை எடுத்துக்கொண்டு உங்கள் சொந்தக்காரரிடமே காசு கேட்கிற களவு வருடத்துக்கு வருடம் கூடிவருவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது பேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றுவது. அது தலைகீழான வேலை. பேஸ்புக் கடவுச்சொல்லை மீட்கும் கோட் ஈமெயிலுக்குப் போகிறது. ஈமெயிலை மீட்கும் கோட் சிம்முக்குப் போகிறது. சிம் அவன் கையில் இருந்தால் நீங்கள் மாற்றிய கடவுச்சொல்லை ஐந்து நிமிடத்தில் அவன் திரும்ப மாற்றுவான். ஆகவே வங்கிக்கு ஒரு அழைப்பு, பிறகு சிம், பிறகு ஈமெயில், கடைசியாகத்தான் பேஸ்புக்கும் மற்றவையும். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. ஆத்திரத்தில் எதையும் அழிக்க வேண்டாம். வந்த எஸ்.எம்.எஸ்., அழைத்த இலக்கம், காசு போன கணக்கிலக்கம், நேரம், எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வீட்டிலுள்ள இன்னொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். பிறகு பொலிஸிலும் வங்கியிலும் கேட்கப்போவது இவற்றைத்தான்.

அறிகுறி: வட்ஸ்அப் திடீரென வெளியே தள்ளிவிட்டது, நீங்கள் காசு கேட்டதாக உறவினர் அழைக்கிறார்கள்

இப்போது அதிகம் நடப்பது இது. வருகிற செய்தி இப்படித்தான் இருக்கும்: "மாமி, ஒரு சின்ன உதவி. என்ட பேங்க் ஆப் வேலை செய்யுதில்ல. இந்த எக்கவுண்டுக்கு 45,000 போட்டு விடுங்க, பின்னேரம் தாறன்." பெயரும் படமும் உங்களுடையவை. கணக்கு மட்டும் முன்பின் தெரியாத ஒருவருடையது.

எப்படிப் போனது என்று முதலில் பாருங்கள். மூன்று வழிகள்தான் பொதுவாக உண்டு.

ஒன்று, ஆறு இலக்கக் கோட். ஏற்கனவே பறிபோன ஒரு நண்பரின் வட்ஸ்அப்பிலிருந்து "தவறி உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்புங்க" என்று கேட்டிருப்பார்கள். அல்லது சூம் வகுப்பு, சங்கக் கூட்டம், பரிசு என்று சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு வந்த அந்தக் கோட் உங்கள் வட்ஸ்அப்பைப் புதுப் போனில் திறக்கிற கோட்.

இரண்டு, அழைப்பைத் திருப்பிவிடுவது. பார்சல் கொண்டுவந்தவன் என்றோ கம்பனி ஆள் என்றோ பேசி, *21* அல்லது **21* என்று தொடங்கி ஒரு இலக்கத்தைப் போட்டு # அழுத்தச் சொல்வார்கள். அதோடு உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவனிடம் போகும். வட்ஸ்அப் கோட்டைக் குரல் அழைப்பாகவும் கேட்டுப் பெறலாம் என்பதால், கோட் சொல்லும் அழைப்பை அவனே எடுத்துக் கேட்டுவிடுவான். உங்கள் போன் ஒரு முறைகூட மணி அடித்திருக்காது.

மூன்றாவது வழி, இணைத்த சாதனம். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்; அறிகுறியே வேறு.

சரிசெய்வது: டயல் திரையில் *#21# அழுத்துங்கள். குரல் அழைப்பு ஏதாவது தெரியாத இலக்கத்துக்குத் திரும்பியிருப்பதாகக் காட்டினால் ##002# அழுத்துங்கள். எல்லாத் திருப்பலும் நீங்கிவிடும். போன் அணைந்திருக்கும்போது மட்டும் கம்பனியின் குரல் அஞ்சலுக்குப் போவது வழமையானது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். திருப்பலை நீக்காமல் அடுத்த படிக்குப் போனால் புதுக் கோட்டும் அவனுக்கே போகும், கவனம்.

பிறகு வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் இலக்கத்தைப் போட்டு, எஸ்.எம்.எஸ். கோட் கேட்டு, உள்ளே போடுங்கள். அந்த நொடியே அவன் வெளியேறிவிடுவான். கோட் பல முறை கேட்கப்பட்டிருந்தால் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். அந்த நேரத்தில் ஆப்பை அழித்துத் திரும்பப் போடுவதாலோ, திரும்பத் திரும்பத் தட்டுவதாலோ காத்திருப்பு கூடுமே தவிரக் குறையாது.

சிலருக்கு எஸ்.எம்.எஸ். கோட் சரியாக ஏறும், ஆனால் அதன்பின் இன்னொரு ஆறு இலக்கப் பின் (PIN) கேட்கும். நீங்கள் வைக்காத பின் என்றால் அவன் வைத்தது. இங்கே மனம் உடைந்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விடாதீர்கள். எஸ்.எம்.எஸ். கோட்டை நீங்கள் போட்டபோதே அவன் வெளியே போய்விட்டான். பின் தெரியாமல் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 7 நாளும் உங்கள் பெயரில் அவனால் காசு கேட்க முடியாது.

திரும்பக் கிடைத்ததும் செட்டிங்ஸில் எக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிபிகேஷன் போய் உங்கள் பின்னை வையுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். மீட்பதற்கு ஒரு ஈமெயிலும் கொடுங்கள். அது கடையில் திறந்த ஈமெயிலாக இருக்கக் கூடாது. காரணம் கீழே வரும்.

இதற்கிடையில் சொந்தக்காரருக்குச் சொல்லும் வேலை உண்டு. வட்ஸ்அப்பில் சொல்லிப் பலனில்லை. சாதாரண அழைப்பு எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவரை முதலில் அழையுங்கள், ஏனென்றால் காசு கேட்டால் யோசிக்காமல் அனுப்புகிறவர் அவர்தான். அவர் அனுப்பிவிட்டால் அந்த நாட்டு வங்கியோடும் போராட வேண்டிவரும்.

அறிகுறி: வட்ஸ்அப் உங்கள் போனில் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனாலும் நீங்கள் அனுப்பாத செய்திகள் போகின்றன

இது இணைத்த சாதனம். லிங்க்ட் டிவைசஸ் என்பதைத் திறந்து பாருங்கள். குரோம், விண்டோஸ் என்று உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்று இருந்தால் தட்டி லொக் அவுட் கொடுங்கள். ஒரு போனோடு நான்கு சாதனம் வரை இணைக்கலாம், ஆகவே ஒன்றைக் கண்டதோடு நிற்காமல் பட்டியல் முழுவதையும் பாருங்கள்.

இது எப்போதும் களவாகத்தான் இருக்கும் என்றில்லை. பிள்ளையின் அனுமதிப் படிவத்தையோ தேசிய அடையாள அட்டையையோ பிரின்ட் எடுக்கக் கொமினிகேஷன் கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு, மூடாமல் வந்திருப்பீர்கள். உங்கள் போனை 14 நாள் தொடாமல் விட்டாலொழிய அந்த இணைப்பு தானாகப் போகாது. அந்தக் கதிரையில் அடுத்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும் உங்கள் வட்ஸ்அப் அவருக்குத் திறந்தே கிடக்கும்.

களவாக நடந்திருந்தால் இதுதான் முந்தியதைவிட மோசமானது. புதுப் போனில் திறந்தவனுக்குப் பழைய உரையாடல் தெரியாது. இணைத்த சாதனத்தில் இருப்பவன் அண்மைய உரையாடல்களை வாசிப்பான். யாரை மாமி என்கிறீர்கள், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், ஐ.சி. (அடையாள அட்டை) படத்தை யாருக்கு அனுப்பினீர்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். அதனால் வெளியேற்றிய பிறகும், உரையாடலில் கிடந்த வங்கி விபரங்களும் அட்டைப் படங்களும் அவனிடம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மற்றப் பகுதிகளையும் செய்யுங்கள்.

அறிகுறி: சிக்னல் இல்லை, நோ சர்வீஸ் என்கிறது

மழைக்காலத்தில் டவர் விழுவதும் மின்சாரம் போவதும் நமக்குப் புதிதல்ல. ஆகவே முதலில் பக்கத்தில் அதே கம்பனி சிம் உள்ள ஒருவரைப் பாருங்கள். அவருக்கும் இல்லையென்றால் காத்திருங்கள். அவருக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் போனை அணைத்துப் போடுங்கள், சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால், வேறு போனிலிருந்து உங்கள் இலக்கத்துக்கே அழையுங்கள். மணி அடித்தால் அல்லது யாரோ எடுத்தால் உங்கள் இலக்கம் வேறு சிம்மில் ஏறிவிட்டது.

இனி நிமிடம் பார்க்க வேண்டும். வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு அழைத்து இணைய வங்கி, ஆப், கார்ட் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். கிளை பூட்டியிருக்கிறது என்று திங்கள் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து சிம் கம்பனி: டயலொக் 1777, எஸ்.எல்.டி.-மொபிடெல் 1717, ஹட்ச் 1788. இவை அந்தந்தக் கம்பனி சிம்மிலிருந்து அழைக்கிற குறுகிய இலக்கங்கள்; அதனால் அதே கம்பனி சிம் உள்ள ஒருவரின் போன் கைவசம் வேண்டும். சிம்மை நிறுத்திவிட்டு, அடையாள அட்டையோடு கம்பனிக் கிளைக்கு நேரே போய்ப் புதுச் சிம் எடுங்கள். எப்போது, எங்கே மாற்றுச் சிம் கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

இங்கேதான் நம்மூரில் ஒரு சிக்கல் வரும். சிம் உங்கள் பெயரில் இல்லை. சவூதியில் இருக்கும் கணவரின் ஐ.சி.யில், இறந்துபோன தகப்பனாரின் ஐ.சி.யில், அல்லது கடைக்காரர் யாரோ ஒருவரின் ஐ.சி.யில் பதிந்த சிம். பத்து வருடமாக நீங்கள் பாவித்தாலும் பதிவில் உள்ளவர்தான் சொந்தக்காரர். அவர் வராமல் புதுச் சிம் தரமாட்டார்கள். இன்றைக்கு எல்லாம் நன்றாக இருக்கும்போதே கிளைக்குப் போய் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, உங்கள் பெயருக்கு மாற்றி எடுங்கள். உங்கள் ஐ.சி.யில் வேறு எத்தனை சிம் பதிவாகியுள்ளது என்றும் அப்போதே கேளுங்கள். தெரியாத இலக்கம் இருந்தால் அதே இடத்தில் நீக்கச் சொல்லுங்கள். அந்தச் சிம்மால் ஒருவன் செய்யும் மோசடிக்குப் பொலிஸ் தேடிவருவது உங்களைத்தான்.

அறிகுறி: கேட்காமலே ஓ.டி.பி. வருகிறது

ஓ.டி.பி., அதாவது வங்கி எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பும் ஒருமுறைக் கோட், கடைசிக் கதவு. அது வந்துவிட்டதென்றால் முன்கதவுகளை ஒருவன் ஏற்கனவே தாண்டியிருக்கலாம். பெரும்பாலும் உங்கள் கடவுச்சொல்லோ கார்ட் இலக்கமோ அவனிடம் இருக்கிறது. அடுத்து ஒரு அழைப்பு வரும்: "வங்கியில இருந்து கதைக்கிறம், பிழையான பரிமாற்றத்தை நிறுத்த அந்தக் கோட்டைச் சொல்லுங்க." வங்கி ஓ.டி.பி.யைக் கேட்பதில்லை. அழைப்பைத் துண்டித்து, கார்ட்டின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

எஸ்.எம்.எஸ்.ஸில் கடை பெயரும் தொகையும் இருந்தால் கார்ட் இலக்கம் போயிருக்கிறது. கார்ட்டை நிறுத்திப் புதியது கேளுங்கள். ஆப் உள்நுழைவு என்று இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கியின் பெயரிலேயே, பழைய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே பொய்ச் செய்தியும் வந்து விழும். அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட முடியும் என்பதால் பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம்.

காசு போய்விட்டிருந்தால்: இப்போது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் போய்ச் சேர்கிறது, அதே வேகத்தில் ஏ.டி.எம்.மில் எடுத்தும் விடுவார்கள். உங்கள் வங்கிக்கும் காசு போய்ச் சேர்ந்த வங்கிக்கும் இரண்டுக்கும் அழைத்து, பரிமாற்ற இலக்கத்தைச் சொல்லி, பெற்ற கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதுங்கள். அடுத்த நாளே கிளையில் எழுத்து மூலம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். வங்கி பதில் தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் சொல்லலாம். வங்கிக்கு முதலில் எழுத்தில் கொடுத்த பிரதி அங்கே தேவைப்படும்.

அறிகுறி: ஜிமெயில் கடவுச்சொல்லை ஏற்கவில்லை

வழக்கமாகப் பாவிக்கும் அதே போனில், வீட்டிலிருந்தே மீட்கும் படிகளைச் செய்யுங்கள். கூகிள் சாதனத்தையும் இடத்தையும் பார்க்கிறது. கடைக் கணினியில் முயன்றால் மறுக்கும் வாய்ப்பு அதிகம். அவன் மீட்பு இலக்கத்தை மாற்றியிருந்தாலும், மாற்றி 7 நாளுக்குள் என்றால் பழைய இலக்கத்துக்குக் கோட் அனுப்பும் தெரிவு கிடைக்கலாம். தாமதிக்காதீர்கள்.

உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். கணினியில் திறந்து செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபோர்வடிங் இரண்டையும் பாருங்கள். வங்கி என்ற சொல் உள்ள கடிதங்கள் தானாக இன்னொரு முகவரிக்குப் போய், இங்கே அழிந்துவிடும்படி விதி எழுதி வைத்திருப்பான். கடவுச்சொல் மாறினாலும் அந்த விதி வேலை செய்துகொண்டே இருக்கும்.

போன் வாங்கிய அன்று கடையில் தம்பி திறந்து தந்த ஜிமெயில்தான் பலருக்கு. கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், மீட்பு இலக்கமும் சில வேளை கடையுடையது. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடையில் அவர் எழுதி வைக்கும் கொப்பியில் எத்தனை பேருடைய கடவுச்சொல் எழுதிக் கிடக்கிறது, அந்தக் கொப்பி இப்போது யாரிடம் என்று தெரியாது. இன்றே மாற்றுங்கள்.

அறிகுறி: உங்கள் படத்தோடு இன்னொரு பேஸ்புக் கணக்கு

உங்கள் கணக்கு உடைக்கப்படவில்லை, படம்தான் களவுபோனது. கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. அந்தப் பொய்க் கணக்கின் மூன்று புள்ளியைத் தொட்டு, முதலில் அதன் இணைப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். பெயரை மாற்றிக்கொண்டு ஓடினாலும் இணைப்பு சான்றாக நிற்கும். பிறகு ரிப்போர்ட் கொடுத்து, ஆள்மாறாட்டம், 'நான்' என்று தெரிவு செய்யுங்கள். நண்பர்கள் செய்யும்போது 'நண்பர்' என்று தெரிவுசெய்து உங்கள் உண்மையான கணக்கைக் காட்ட வேண்டும். வெறுமனே ஸ்பாம் என்று நூறு பேர் அடிப்பதைவிடச் சரியான காரணத்தோடு ஐந்து பேர் செய்வது பலன் தரும். நண்பர் பட்டியலை மற்றவருக்குத் தெரியாமல் மறையுங்கள். அவன் நட்பு அழைப்பு அனுப்புவது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

பெண் பிள்ளைகளின் படத்தை மாற்றி மிரட்டுகிறார்கள் என்றால் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த நாளும் கேட்பான். பிள்ளையை ஏசவும் வேண்டாம். ஏச்சுக்குப் பயந்து மறைப்பதுதான் அவனுக்குப் பலம். ஹிதவதி என்ற உதவிச் சேவை இதற்கென்றே இருக்கிறது. பொலிஸ் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு 109, சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938.

அறிகுறி: எடுக்காத கடனுக்கு அழைப்பு வருகிறது

இரண்டு வகை உண்டு, பிரித்துப் பாருங்கள். தெரிந்த ஒருவர் ஆப்பில் கடன் எடுத்து, அவர் போனிலிருந்த உங்கள் இலக்கத்தை அந்த ஆப் எடுத்துக்கொண்டு உங்களைத் தொந்தரவு செய்வது ஒன்று. அதில் உங்களுக்கு எந்தக் கடனும் இல்லை. உங்கள் ஐ.சி. இலக்கத்தைச் சொல்லியே கேட்டால் அது இரண்டாவது வகை. அழைப்பில் எதையும் ஒத்துக்கொள்ளாமல், ஒப்பந்தப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். உங்கள் பெயரில் எந்த நிறுவனத்தில் என்ன கடன் என்று அதில் தெரியும். பிழையான பதிவு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் ஆட்சேபனை கொடுக்கலாம்.

ஐ.சி. இலக்கம் வெறும் இலக்கமல்ல. 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்ணுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1985562 என்று தொடங்கினால் 1985 மார்ச் 2இல் பிறந்த பெண். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே கணக்கெடுப்பார்கள். ஆகவே அட்டைப் பிரதி கையில் உள்ளவனுக்குப் பிறந்த திகதியும் தெரியும். பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாகவோ பின்னாகவோ வைப்பது அட்டையிலேயே கடவுச்சொல்லை எழுதி வைத்ததற்குச் சமம்.

போட்டோகொப்பி கொடுக்கும்போது படத்தின் குறுக்கே இரண்டு சரிந்த கோடு போட்டு, நடுவில் "சிம் பதிவுக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதுங்கள். எழுத்து படத்தின் மேலே ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். பழுதாய்ப்போன பிரதியைக் கடையில் விட்டு வராமல் கிழித்து எடுத்து வாருங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. "உங்கட எக்கவுண்டையும் ஏ.டி.எம். கார்ட்டையும் கொஞ்ச நாளைக்குத் தாங்க, கமிஷன் தாறம்" என்று வேலையில்லாத பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். மேலே சொன்ன மாமியின் 45,000 வந்து விழுவது அப்படிப்பட்ட கணக்கில்தான். பொலிஸ் முதலில் பிடிப்பது கணக்கின் சொந்தக்காரரை.

அறிகுறி: இணைப்பைத் தொட்டு விபரம் கொடுத்தாயிற்று

தபால் பார்சல், அஸ்வெசும, அபராதம் என்று வருபவை. பெரும்பாலான அரசு இணையதளங்களின் முகவரி 'டொட் கொவ் டொட் எல்.கே.' (.gov.lk) என்று முடியும். முடிவது என்பது, தொடக்கத்தில் வரும் https:// இன் கோடுகளை விட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) உடனே முன்னால் உள்ள பகுதி. நடுவில் எங்கோ அந்த எழுத்துகள் இருந்தால் போதாது. அஸ்வெசும பற்றிய சந்தேகத்துக்கு 1924.

தொட்டது மட்டும் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கார்ட் இலக்கம் கொடுத்தால் கார்ட்டை நிறுத்துங்கள். கடவுச்சொல் கொடுத்தால் அதே கடவுச்சொல் உள்ள எல்லா இடத்திலும் மாற்றுங்கள். ஒரு ஆப்பை இறக்கிப் போட்டிருந்தால் டேட்டாவையும் வைஃபையையும் உடனே அணையுங்கள். அது உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸை வாசிக்கும். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டியில் அதற்குக் கொடுத்த அனுமதியை நீக்கினால்தான் பல வேளைகளில் ஆப்பை அழிக்கவே விடும். வங்கிக் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றுங்கள், இந்தப் போனை முழுவதும் அழித்துப் புதிதாக்கிய பிறகுதான் வங்கி ஆப்பைத் திரும்பப் போடுங்கள்.

முறைப்பாடு

உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் பதிவு போட்டு, அதன் பிரதியை எடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காமல், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அனுமதியின்றிக் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ்க் குற்றம் என்று சொல்லிப் பதியுங்கள். "தெரியாம கோட் குடுத்திட்டன்" என்று மட்டும் எழுதினால் உங்கள் கவனக்குறைவாகவே அது நிற்கும். யார் என்ன பொய் சொல்லி, எத்தனை மணிக்கு, எந்த இலக்கத்திலிருந்து வாங்கினார் என்று எழுதுங்கள். தொழில்நுட்ப உதவிக்கு கணினிப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101இல் அழைக்கலாம்.

வயதானவர்களின் போனுக்கு: வங்கி இலக்கம், சிம் கம்பனி இலக்கம், 101, 1935 நான்கையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போனில் சேமித்து வைத்தால், போன் பறிபோகும் அன்று அந்த இலக்கங்களும் கூடவே போய்விடும்.